ஒரு டம்ளர் பருப்பு எத்தனை கிராம்?

பருப்பு, பயறு வேகவைப்பது பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. குறிப்பில் கப் என்று இருக்கிறது, கையில் இருப்பது டம்ளர், கடையில் தருவது கிராமில். இந்த மூன்றையும் எப்படி ஒன்றுக்கொன்று பொருத்துவது? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அளவுக்கே.

கேள்வி: ஒரு வீடியோவில் 200 கிராம் துவரம் பருப்பு என்கிறார்கள், இன்னொன்றில் ஒரு கப் என்கிறார்கள். ஒரு கப் என்றால் எத்தனை கிராம்? என்னிடம் தராசும் இல்லை, அளவுக் கப்பும் இல்லை, எவர்சில்வர் டம்ளர்தான் இருக்கிறது. (திண்டுக்கல் வாசகி)

பதில்: எந்தக் கப் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. கடையில் செட்டாக விற்கிற அளவுக் கப் 240 மில்லியாகவும் இருக்கும், 250 மில்லியாகவும் இருக்கும். எலக்ட்ரிக் குக்கரோடு இலவசமாக வருகிற பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். ஜப்பானில் அரிசி அளக்கிற கப்பின் அளவு அது, நம் ஊர் குக்கர்களிலும் அப்படியே தொற்றிக்கொண்டது. எவர்சில்வர் டம்ளர் என்றால் கேட்கவே வேண்டாம், 150 மில்லியிலிருந்து 300 மில்லி வரை எல்லா அளவிலும் உண்டு. ஆக, 240 மில்லி கப்பை வைத்துச் சொன்ன குறிப்பை நீங்கள் 180 மில்லி கப்பில் அளந்தால் பருப்பில் கால் பங்கு அப்படியே குறைந்துவிடும், சாம்பார் ஏன் தண்ணியாகப் போகிறது என்று புளியையும் பொடியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பாத்திரத்தின் கொள்ளளவு தெரிந்தால் மற்றது சுலபம். காய்ந்த பருப்பு, பயறு, கடலை எதுவானாலும் மில்லியை எட்டால் பெருக்கிப் பத்தால் வகுத்துவிடுங்கள், கிராம் வந்துவிடும் (0.8 கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்). 250 மில்லி கப் என்றால் 200 கிராம், 200 மில்லி டம்ளர் என்றால் 160, அந்த 180 மில்லி குக்கர் கப் என்றால் 145ஐ ஒட்டி. தினசரி சமையலுக்கு இந்தக் கணக்கே போதும். இன்னும் கொஞ்சம் கறாராக வேண்டும் என்பவர்களுக்காக: 240 மில்லி கப்பில் தலைதட்டி அளந்தால் துவரம் பருப்பு, பாசிப் பருப்பு, உளுந்து, பச்சைப்பயறு எல்லாம் 200-க்கு மேலே, 205 பக்கம் நிற்கும். கொண்டைக்கடலை, கடலைப் பருப்பு, காய்ந்த பட்டாணி 195லிருந்து 200. மைசூர் பருப்பு 190 சொச்சம். ராஜ்மாவும் சோயாவும் 185. காராமணி 170தான் வரும். வேர்க்கடலை இந்தக் கணக்கிலேயே சேராது, 145 பக்கம்தான்.

தராசு இல்லாமல் உங்கள் டம்ளரின் எடையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அடுத்த முறை ஒரு கிலோ பருப்பு பாக்கெட் பிரிக்கும்போது நேராக டப்பாவில் கொட்டாமல், அதே டம்ளரால் தலைதட்டி அளந்து அளந்து போடுங்கள். எத்தனை டம்ளர் வந்ததோ அதால் 1000-ஐ வகுத்தால் முடிந்தது. ஆறு டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 167 கிராம். எடை போடுகிற வேலையைக் கடைக்காரர் ஏற்கெனவே செய்துவிட்டார், நீங்கள் எண்ணினால் போதும். வந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்த டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். துவரம் பருப்புக்கு ஒன்று, உளுந்துக்கு ஒன்று, கடலைக்கு ஒன்று என்று ஒரு மாதத்தில் சமையலறை முழுக்க உங்களுக்கே உங்களுக்கான அட்டவணை வந்துவிடும். வேறொருவர் வீட்டுக் கப்புக்குப் போட்ட எந்த அட்டவணையையும்விட, நான் மேலே கொடுத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இதுதான் உங்களுக்குச் சரியாக இருக்கும்.

கேள்வி: தராசு வாங்கிய பிறகு எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். ஒரே கப்பில் துவரம் பருப்பு 204 கிராம் காட்டுகிறது, ராஜ்மா 183தான் காட்டுகிறது. ராஜ்மா ஒவ்வொன்றும் கூழாங்கல் மாதிரி இருக்கிறது, அது எப்படி எடை குறையும்? தராசில் கோளாறா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தராசு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் கப்பில் அளந்தது ராஜ்மாவை மட்டும் இல்லை, ராஜ்மாவுக்கு நடுவில் இருக்கிற காற்றையும் சேர்த்துத்தான், தராசோ ராஜ்மாவின் எடையை மட்டும் காட்டுகிறது. கப் நிறையக் கடலை போட்டால் அந்தக் கப்பில் கடலை இருப்பது கிட்டத்தட்ட அறுபது சதவீத இடத்தில்தான், மிச்சம் வெறும் இடைவெளி. நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். 240 மில்லி கப் நிறையக் கொண்டைக்கடலை போட்டு, இன்னொரு பாத்திரத்தில் 150 மில்லி தண்ணீர் அளந்து வைத்துக்கொண்டு, கப்பின் விளிம்பு வரை கடகடவென்று ஊற்றுங்கள், மெதுவாக ஊற்றினால் கடலை தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். சுமார் 95 மில்லி உள்ளே போய்விடும். அவ்வளவும் காற்று இருந்த இடம். மீதி 145 மில்லிதான் நிஜக் கடலை. கடலை தண்ணீரைவிட ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்குக்குள் கனம், அதனால்தான் தண்ணீரில் போட்டதும் மூழ்குகிறது, அதனால்தான் கப்பும் 195ஐ ஒட்டி நிற்கிறது.

சரி, ராஜ்மாவில் மட்டும் காற்று ஏன் கூடுதல்? பெரிய விதை என்பதால் என்று பலரும் நினைக்கிறார்கள், அது பாதிதான் உண்மை. ஒரே வடிவமாக இருந்தால் சிறியதானாலும் பெரியதானாலும் இடைவெளியின் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான்: பெரிய விதையில் பெரிய ஓட்டைகள் குறைவாக, சின்ன விதையில் சின்ன ஓட்டைகள் நிறைய. வித்தியாசம் வருவது வடிவத்தில். துவரம் பருப்பு உடைத்த பருப்பு, ஒரு பக்கம் தட்டை, ஒன்றன் மேல் ஒன்று படிந்து உட்கார்ந்துகொள்ளும். ராஜ்மா வளைந்து நீண்டு இருப்பதால் ஒன்றுக்கொன்று குறுக்கே விழுந்து இடம் அடைத்துக்கொள்கிறது. இதோடு பாத்திரத்தின் அளவும் சேரும். சின்ன டப்பாவில் எலுமிச்சம்பழம் அடுக்கும்போது ஓரத்தில் வீணாகிற இடம் மாதிரி, கப்பின் சுவரை ஒட்டிப் பெரிய விதைகள் சரியாக உட்காராது. அதனால் ராஜ்மா, மொச்சை, பெரிய வெள்ளைக் கொண்டைக்கடலை இதெல்லாம் கால் கப்பில் அளந்தால் ஒரு முறைக்கு ஒரு முறை மாறும், பெரிய படியில் அளந்தால் மாறாது. கால் கப் ராஜ்மா வேண்டுமென்றால் நிறுத்துவிடுவதே மேல்.

வேர்க்கடலை விஷயம் வேறு. அதில் ஏறக்குறைய பாதி எண்ணெய், எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஆக விதையே கனம் குறைவு. சோயாவிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய் உண்டு என்பதால் அதுவும் கொஞ்சம் இறங்கி நிற்கிறது. பொட்டுக்கடலை வறுத்துப் பொரிந்தது, உள்ளுக்குள்ளேயே காற்று, அதற்கும் 0.8 கணக்கைப் போடாதீர்கள்.

கேள்வி: கப்பில் தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்தா? (விருதுநகர் வாசகி)

பதில்: தலைதட்டி. எப்போதும் தலைதட்டித்தான். குவித்தால் எவ்வளவு குவிகிறது என்பது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது, அகல வாய் என்றால் ஏகத்துக்கும் ஏறிவிடும். கப்பைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பவும் வேண்டாம், விதைகள் இறங்கி உட்கார்ந்து கூடுதலாகப் பிடிக்கும். அள்ளி, கத்தியின் முதுகாலோ விரலாலோ வழித்துவிட்டு, அப்படியே கொட்டுங்கள்.

கேள்வி: என் மாமியார் எழுதி வைத்த நோட்டில் எல்லாமே படி, உழக்கு, ஆழாக்குக் கணக்கு. "இட்லிக்கு நாலு ஆழாக்கு புழுங்கரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம்" என்று இருக்கிறது. அவர் இப்போது இல்லை. இதைக் கிராமுக்கு மாற்றி மருமகளுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன். (கும்பகோணம் வாசகி)

பதில்: கொடுங்கள், அவசியம் கொடுங்கள். இந்த மாதிரி நோட்டுகள் பரணில் கிடந்து செல்லரித்துப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் மாற்றும்போது பழைய அளவை அழித்துவிடாமல் பக்கத்திலேயே கிராமை எழுதுங்கள்.

வாய்பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும், மருமகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். ஆக ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. இந்த விகிதம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி பெரியது, மற்ற ஊர்ப் படிகள் பல அதைவிடச் சின்னவை, ஒரே ஜில்லாவுக்குள்ளேயே சந்தைக்குச் சந்தை வேறு வேறு. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வந்தன. ஆனாலும் வீட்டுக்குள் படி அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்தபோதுகூட மக்களுக்குப் புரிகிற அளவு படியாகத்தான் இருந்தது. அதனால் இணையத்தில் ஒருவர் "ஒரு ஆழாக்கு இத்தனை மில்லி" என்று போட்டிருப்பதை எடுத்துக்கொண்டு உங்கள் மாமியாரின் நோட்டைத் திருத்தாதீர்கள். அந்த ஆழாக்கு வீட்டில் எங்காவது இருக்கும், பித்தளையோ இரும்போ, அரிசி டின்னுக்குள்ளேயே பாருங்கள். கிடைத்தால் அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை நிறுங்கள். தண்ணீர் எத்தனை கிராமோ பாத்திரம் அத்தனை மில்லி. அதிலிருந்து 0.8 கணக்கு.

கிடைக்கவில்லையா? இட்லிக்கு அது தேவையே இல்லை. நாலுக்கு ஒன்று என்பது விகிதம்தானே. இட்லி அரிசியும் முழு உளுந்தும் ஒரே பாத்திரத்தில் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும், 240 மில்லி கப்பில் இரண்டுமே 200 கிராமை ஒட்டி. அதனால் அளவில் நாலுக்கு ஒன்று என்றால் எடையிலும் நாலுக்கு ஒன்று. 800 கிராம் அரிசிக்கு 200 கிராம் உளுந்து என்று எழுதிக் கொடுத்துவிடலாம். கல்யாண வீட்டுக்கு நாலு கிலோவுக்கு ஒரு கிலோ. "கொஞ்சம் வெந்தயம்" என்பதை ஒரு தேக்கரண்டி என்று வைத்தால் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

அடை, பொங்கல், பருப்புசிலி எல்லாவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். கனம் ஒன்றுபோல இருக்கிற பொருள்களுக்குள் விகிதம் என்றால் மாற்றவே தேவையில்லை. அவல் சேருகிற இடத்தில் மட்டும் ஜாக்கிரதை, அது தட்டி லேசாக்கியது, ஒரு கப் அவலை ஒரு கப் அரிசி எடைக்குச் சமம் என்று போட்டால் மாவு கெட்டுவிடும். மாவு வகைகளும் அப்படியே. கடலை மாவு சலித்து லேசாகப் போட்டால் கப்புக்கு 90 கிராம் பக்கம், அமுக்கி அள்ளினால் 120-ஐத் தாண்டும். கடலைப் பருப்பு 200 கிராம் என்றால் அதே கப்பில் கடலை மாவும் 200 கிராம் என்று நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு டயட்டீஷியன் ஒரு வேளைக்கு 30 கிராம் பருப்பு என்று எழுதித் தந்திருக்கிறார். அது எத்தனை கரண்டி? வேகவைத்ததா, வேகாததா? (சேலம் வாசகர்)

பதில்: பொதுவாக வேகாதது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டியிலும் பருப்பு வகைக்கு ஒரு பங்கு என்பது 30 கிராம், சமைக்காத எடை. அதைத்தான் உங்கள் டயட்டீஷியனும் எடுத்திருப்பார், அடுத்த முறை போகும்போது ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வெந்த பருப்பில் எடை சொல்வதில் அர்த்தம் இல்லை, நீங்கள் கெட்டியாக வைக்கிறீர்களா தண்ணியாக வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும்.

அளவுக் கரண்டி செட்டில் இருக்கிற 15 மில்லி மேசைக்கரண்டியில் தலைதட்டினால் துவரம் பருப்பு 12, 13 கிராம் வரும். இரண்டரைக் கரண்டி போட்டால் 30 கிராம் கிட்டத்தட்டச் சரி. ஏறக்குறைய ஆறரை கிராம் புரதம் அதில் கிடைக்கும். சாம்பார் பரிமாறுகிற குழிக்கரண்டியால் அளக்க வேண்டாம், அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஆழம்.

வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து வைக்கிறீர்கள் என்றால் தனித்தனியாக அளக்காமல் 120 கிராம் மொத்தமாகப் போட்டு, வெந்த பிறகு நாலாகப் பிரித்துவிடுங்கள். இந்தக் கணக்கை மாதத்துக்கு நீட்டிப் பாருங்கள்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பங்கு என்றாலே மாதம் 900 கிராம். ரேஷனில் கார்டுக்கு மாதம் கிடைக்கிற ஒரு கிலோ துவரம் பருப்பு நாலு பேர் உள்ள வீட்டுக்கு எட்டு நாளைக்குத்தான் வருகிறது. பருப்பு தினமும் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பல வீடுகளில், டம்ளரைக் கிராமாக்கிப் பார்த்தால் ஆளுக்குப் பத்துப் பதினைந்து கிராம்கூடத் தேறாது. சர்க்கரை நோய் இல்லாதவர்களும் ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன், முக்கியமாக வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில்.

கேள்வி: ஒரு கிலோ டப்பா என்று சொல்லி விற்றதில் ஒரு கிலோ பருப்பு அடங்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (தாம்பரம் வாசகி)

பதில்: டப்பாவின் அடியில் 1000 மில்லி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு லிட்டர் டப்பாவில் 800 கிராம், மிஞ்சிப்போனால் 850 கிராம் பருப்புதான் பிடிக்கும். ஒரு கிலோ முழுசாக அடங்க ஒன்றேகால் லிட்டர் வேண்டும், மூடி இறுகக் கொஞ்சம் இடமும் வேண்டும் என்றால் ஒன்றரை லிட்டராகவே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட்டில் நவராத்திரிக்கு ஒரு நாள் சுண்டல் எங்கள் பொறுப்பு. அறுபது பேர் வருவார்கள். கறுப்புக் கொண்டைக்கடலை எத்தனை கிலோ வாங்குவது? போன வருடம் இன்னொரு வீட்டில் பத்தாமல் போய், கடைசியில் வந்த குழந்தைகளுக்கு இல்லை. (மதுரை வாசகி)

பதில்: ஒன்றரை கிலோ. கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஆள் கூடினால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். சின்னத் தொன்னையில் ஆளுக்கு 60 கிராம் சுண்டல் என்று வையுங்கள், அறுபது பேருக்கு 3 கிலோ 600 கிராம். காய்ந்த கடலை ஊறினால் எடை இரண்டு மடங்கு, வெந்தால் இரண்டேகால் மடங்கு ஆகும். ஒன்றரை கிலோ வெந்து 3 கிலோ 300-க்கு மேல் வரும், தேங்காய்த் துருவல், மாங்காய், தாளிப்பு எல்லாம் சேர்ந்து மிச்சத்தைச் சரிக்கட்டிவிடும். அபார்ட்மென்ட்டில் சொன்னவர்களைவிடக் கூட்டம் கூடுதலாக வரும் வழக்கம் இருந்தால் இன்னும் கால் கிலோ. டப்பாவில் ஏற்கெனவே கடலை இருந்து கப்பால் அளக்கப் போகிறீர்கள் என்றால், ஒன்றரை கிலோ என்பது 240 மில்லி கப்பில் ஏழரைக் கப்.

எடையைவிடப் பாத்திரத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஏழரைக் கப் காய்ந்த கடலை, பார்த்தால் இரண்டு லிட்டர்கூட இல்லை. ஊறியதும் நாலரை லிட்டரை நெருங்கிவிடும். அதனால் ஊறவைக்கிற பாத்திரம் கடலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொள்ளவேண்டும், குறைந்தது ஆறேழு லிட்டர்; இல்லாவிட்டால் காலையில் எழுந்து பார்த்தால் மேலே இருக்கிற கடலை தண்ணீருக்கு வெளியே நின்றுகொண்டு பாதி ஊறியும் ஊறாமலும் இருக்கும், அதுதான் வெந்த பிறகும் நறுக்கென்று கடிபடும். குக்கரில் கடலை, தண்ணீர் இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது, பருப்பு வகைகள் நுரைத்துப் பொங்கி விசில் துவாரத்தை அடைத்துவிடும். ஐந்து லிட்டர் குக்கர் என்றால் ஒரு நேரத்துக்கு அரை கிலோ காய்ந்த கடலை ஊறியது மட்டும், ஆக மூன்று முறை வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பத்து லிட்டர் குக்கர் இருந்தால் தயங்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அன்றைக்குக் காராமணிச் சுண்டல் என்று மாறினால் கப் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். ஏழரைக் கப் காராமணி ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். ஒன்பதுக் கப் அளக்க வேண்டியிருக்கும். பத்தாமல் போகிற வீடுகளில் பல நேரம் நடப்பது இதுதான், நேற்று கடலைக்குப் போட்ட அதே கப் எண்ணிக்கையை இன்று வேறு பயறுக்குப் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இங்கே டின்னில் அடைத்த ராஜ்மா, கொண்டைக்கடலைதான் எல்லாக் குறிப்பிலும். "ஒரு 400 கிராம் டின்" என்றால் காய்ந்தது எவ்வளவு ஊறவைக்க வேண்டும்? அமெரிக்கக் குறிப்பில் ஒரு பவுண்டு பீன்ஸ் என்று வருகிறதே, அது? (லண்டன் வாசகி)

பதில்: 400 கிராம் டின்னில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். வடித்தால் 240 கிராம் மிஞ்சும், டின்னின் மேலேயே வடித்த எடை தனியாகப் போட்டிருப்பார்கள். அதற்கு ஈடாகக் காய்ந்தது 100லிருந்து 110 கிராம் ஊறவைத்தால் போதும், அரைக் கப்புக்குச் சற்று மேல். ஒரு பவுண்டு என்பது 454 கிராம், காய்ந்த பீன்ஸ் இரண்டேகாலிலிருந்து இரண்டரைக் கப், வேகவைத்தால் நாலு டின்னுக்குச் சற்று மேலேயே கிடைக்கும். மொத்தமாக வேகவைத்து, 240 கிராம் 240 கிராமாகப் பைகளில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஒவ்வொரு பையும் ஒரு டின். காசும் மிச்சம், உப்பும் உங்கள் கையில்.

ஆஸ்திரேலியக் குறிப்பு கையில் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே கப் 250 மில்லி, மேசைக்கரண்டி 20 மில்லி.

டின்னிலிருந்து காய்ந்த சிவப்பு ராஜ்மாவுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், இது அளவைப் பற்றியது இல்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டின்னில் இருப்பது ஏற்கெனவே நன்றாக வெந்தது. காய்ந்த ராஜ்மாவில் லெக்டின் என்கிற நச்சுப் பொருள் இருக்கிறது, அரைகுறையாக வெந்தால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும், அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நல்லது, அதன் பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவிடுங்கள். பிரஷர் குக்கரில் மலர வேகவைக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை நேராகப் போட்டுவிட்டு வேலைக்குப் போவது கூடவே கூடாது, அந்தச் சூடு போதாது.

கேள்வி: மசால் வடைக் குறிப்பில் "ஒரு கப் ஊறவைத்த கடலைப் பருப்பு" என்றால் ஊறுவதற்கு முன் ஒரு கப்பா, ஊறிய பிறகு ஒரு கப்பா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: எழுதியபடி பார்த்தால் ஊறிய பிறகு. எழுதியவர் மனதில் நினைத்தது பெரும்பாலும் ஊறுவதற்கு முன்! மற்ற பொருள்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு பெரிய வெங்காயம், நாலைந்து மிளகாய் என்று இருந்தால் காய்ந்தது ஒரு கப், அதாவது 200 கிராம். அரை வெங்காயம், ஒரு மிளகாய் என்றால் ஊறியது ஒரு கப், அதற்குக் காய்ந்தது அரைக் கப் போதும். குறிப்பு எழுதி அனுப்புகிற வாசகர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: "கடலைப் பருப்பு 200 கிராம், இரண்டு மணி நேரம் ஊறவைத்தது" என்று எழுதிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள், கவரின் எடையோடு சேர்த்து 1000-க்குச் சில கிராம் கூடக் காட்ட வேண்டும். அரை லிட்டர் பால் பாக்கெட்டும் நல்ல சோதனை, பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் 515 கிராமும் கவர் எடையும் வரும். இரண்டிலுமே பத்துப் பதினைந்து கிராமுக்கு மேல் தள்ளி நின்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அப்புறம் தராசு சமதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். துணி விரித்த மேஜை மேல் வைத்தால் தப்பாகத்தான் காட்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சமையலறைக்கு ஒரு கிராம் துல்லியமும், ஐந்து கிலோ வரை தாங்குகிறதும் போதும். பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குகிற பொத்தான் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.